குச்சிக் கட்டோடு வந்த பூச்சி

2021 வைகாசி மாசம். காலையில் தண்ணீர் திருப்பப் போனவள், தென்கோடி வரப்போரம் நின்ற குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிச் செடி ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நாலு மாசப் பயிர். மற்ற செடியெல்லாம் இடுப்புக்கு மேலே வந்து இலையை விரித்துக்கொண்டு நிற்க, இது மட்டும் நுனியைச் சுருட்டிக்கொண்டு குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளியே இல்லை. கொழுந்தை ஒடித்து விரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக மாவு, மாவுக்குள் ரோஸ் நிறத்தில் எள்ளளவுப் பூச்சிகள், பக்கத்திலேயே பஞ்சுப்பொதி மாதிரி முட்டை. விரலில் ஒட்டிய பிசுபிசுப்பு சோப்புப் போட்டுக் கழுவியும் மதியம் வரை போகவில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பொம்மிடிக்கும் நடுவில், சேர்வராயன் மலை மேற்கே தெரியும் ஒரு ஊர் எங்களுடையது. மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்கு, கொஞ்சம் மல்பெரி, வீட்டுத் தேவைக்கு ராகி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் காட்டில்தான் இருக்கிறேன். மாவுப்பூச்சி எங்களுக்குப் புதுசு இல்லை. 2009, 2010 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரியை மொட்டையடித்தபோது இலை இல்லாமல் பட்டுப்புழுவைத் தட்டோடு கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம். அதனால் இதைப் பார்த்ததும் ‘ஓ, அதுவேதான் திரும்ப வந்திருக்கு’ என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். பப்பாளி மாவுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சளாக வரும். இது ரோஸ். அது வேறு பூச்சி, இது வேறு பூச்சி, ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது என்று எனக்குத் தெரிய இன்னும் இரண்டு மாசம் ஆனது.

அடையாளம் தெரியாமல் பயப்படுவதும், அடையாளம் தெரியாமல் மருந்தடிப்பதும் எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கிறது. 2020 மே மாசம் வடநாட்டில் பாலைவன வெட்டுக்கிளி என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளிப் பக்கம் நேரலகிரியில் வெட்டுக்கிளிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஊரே அலறியது. அதிகாரிகள் வந்து பார்த்து, இது பாலைவனத்து வெட்டுக்கிளி இல்லை, உள்ளூர் வகைதான் என்று சொன்ன பிறகுதான் மக்களுக்கு மூச்சு வந்தது. பூச்சியைப் பிடித்துக் காட்டி, இது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் மற்றதைச் செய்ய வேண்டும். ஒரு கொழுந்தை ஒடித்து பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனால் போதும், தோட்டக்கலை அலுவலகத்தில் பார்த்துச் சொல்வார்கள். கவரை இறுக்கிக் கட்ட வேண்டும், போகிற வழியில் அடுத்தவர் காட்டில் உதறிவிட்டுப் போகக்கூடாது. நான் இதைச் செய்யாமல் நேராக மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கொழுந்தைப் பார்க்கவே இல்லை. ‘மாவுப்பூச்சியா, இதை அடிங்க’ என்று மூன்று டப்பாவை எடுத்து வைத்தார், மூன்றையும் ஒரே டேங்கில் கலக்கச் சொன்னார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார். மூன்றாவது முறை அடித்த அன்று சாயந்திரம் தலை சுற்றுகிறது என்று திண்ணையில் படுத்தவர் ராத்திரி இரண்டு முறை வாந்தி எடுத்தார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் டார்ச் அடித்து அந்த டப்பாக்களைப் படித்தேன். ஒன்றில் சிவப்பு முக்கோணம். மூன்றில் ஒன்றிலாவது குச்சிக்கிழங்கு என்றோ மரவள்ளி என்றோ எழுதியிருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பருத்தி, நெல், மிளகாய் என்றுதான் இருந்தது.

1968 ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போது தெரியாது. எந்த மருந்தை எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அடிக்கலாம் என்று பதிவு செய்துதான் விற்க வேண்டும், அந்த விவரம் டப்பாவில் இருக்க வேண்டும், உள்ளே வைக்கிற தாளில் தமிழிலும் இருக்க வேண்டும். முக்கோணத்தின் நிறத்தில் விஷத்தின் கடுமை தெரியும்: சிவப்பு மிகக் கடுமை, அப்புறம் மஞ்சள், அதற்கப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. விற்றவர் கம்பெனி பேர், பேட்ச் எண், காலாவதித் தேதி போட்டுப் பில் கொடுக்க வேண்டும். பில் இல்லை என்றால், மருந்து போலி என்று தெரிந்த பிறகும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போதெல்லாம் பில் இல்லாத மருந்து எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. காலி டப்பாவையும் அடித்து முடித்த உடனே தூக்கிப் போடுவதில்லை. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அந்த டப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஆறு முறை அடித்தோம். அடித்த மூன்றாம் நாள் செத்த மாதிரி இருக்கும், பதினைந்தாம் நாள் பழையபடி வெள்ளையாகும். ஏன் என்று பின்னால் தெரிந்தது. இந்தப் பூச்சியில் ஆணே தேவையில்லை, எல்லாம் பெண், ஒவ்வொன்றும் தானாகவே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். சுருண்ட கொழுந்துக்குள், மெழுகுப் போர்வைக்குள் இருப்பதன் மேல் மருந்து படுவதில்லை. அதைத் தின்கிற பொறிவண்டும் மற்றப் பூச்சிகளும் வெளியே நடமாடுகிறவை, அவைதான் முதலில் சாகின்றன. காசு கொடுத்து மாவுப்பூச்சியின் எதிரியைக் கொன்றுகொண்டிருந்தோம். மழை அடித்தால் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும், அந்த வருஷம் எங்கள் பக்கம் ஆனி மாசம் தூறலோடு நின்றுவிட்டது.

இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம். எங்கள் தெற்கு வரப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர், எங்கள் பங்காளி வகையில் கொழுந்தன் முறை ஆகிறவருடையது. அவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். நட்டுவிட்டுப் போனவர் கொரோனா நேரத்தில் வரவே முடியவில்லை. களை மண்டி, செடியெல்லாம் நுனி சுருண்டு, வெள்ளையடித்த மாதிரி நின்றது. காற்று தெற்கிலிருந்து அடிக்கிற நாளில் எங்கள் முதல் நாலு பாத்தியில் புதுசாகக் குஞ்சுகள் ஏறும். மூன்று ஏக்கருக்கு ஆறு முறை மருந்தடித்த காசு அந்த இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொண்டே கரைந்தது.

போன் போட்டேன். ‘அண்ணி, என் காட்டுல நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும், லீவு கிடைச்சா வர்றேன்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சலிப்பாகச் சொன்னார். அவருடைய காடு, அவருடைய இஷ்டம் என்பதுதான் எங்கள் எல்லார் மனசிலும் இருந்தது. நான்கூட அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடியில் உதவித் தோட்டக்கலை அலுவலர் வந்தார். கொழுந்தை விரித்து, ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, இது மரவள்ளி மாவுப்பூச்சி, தென்னமெரிக்கப் பூச்சி, 2020ல் கேரளாவில் திருச்சூர்ப் பக்கம்தான் இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடித்தார்கள், இப்போது நாமக்கல், சேலம் என்று வந்து இங்கேயும் வந்துவிட்டது என்றார். ‘நட்ட குச்சி எங்கே வாங்கினீங்க?’ என்று கேட்டார். மேற்கேயிருந்து வந்த லோடு என்று தரகர் சொன்னார், அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. எந்த ஊர், யார் காடு, எந்த மாசம் வெட்டியது, ஒன்றும் தெரியாது. கட்டுக்கு இவ்வளவு என்று பேசி, இறக்கி, நட்டுவிட்டோம். கண்ணுக்கருகே வைத்துப் பார்த்திருந்தால் கணு மடிப்பில் வெள்ளைப் பொட்டு தெரிந்திருக்கும்.

அப்புறம் பக்கத்துக் காட்டைக் காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டு நான் மட்டுமல்ல, கூட நின்ற பெரியவர்களும் ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தர் காட்டில் இருக்கிற பூச்சி அவர் ஒருத்தர் சமாச்சாரம் இல்லை என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றார். 1919ல் வந்த சென்னை மாகாண வேளாண் பூச்சி, நோய்கள் சட்டம். இன்னும் தமிழ்நாட்டுச் சட்டமாக இருக்கிறது. அரசு ஒரு பூச்சியையோ நோயையோ களையையோ குறிப்பிட்டு, இந்தப் பகுதியில் இது கட்டுப்படுத்த வேண்டியது என்று அறிவிக்கலாம். அறிவித்த பிறகு அங்கே பயிர் வைத்திருக்கிற எல்லாரும் சொன்ன வேலையைச் செய்தாக வேண்டும். அந்தப் பகுதியிலிருந்து செடி, குச்சி வெளியே போவதையும் நிறுத்தலாம். நோட்டீஸ் கொடுத்தும் ஒருத்தர் செய்யவில்லை என்றால் அலுவலரே ஆள் வைத்துச் செய்துவிட்டு, செலவை நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணலாம். கோயமுத்தூர்ப் பக்கம் கம்போடியாப் பருத்தி போட்ட காலத்தில், அறுப்பு முடிந்த செடியைக் குறிப்பிட்ட தேதிக்குள் எல்லாரும் பிடுங்கிவிட வேண்டும் என்று இந்தச் சட்டத்தில்தான் உத்தரவு போட்டார்களாம். அடுத்த பருத்தி வரும் வரை புழு தங்க இடம் இருக்கக்கூடாது என்பதற்காக.

எங்கள் ஊருக்கு அப்படி எந்த நோட்டீசும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சட்டம் இருக்கிறது என்று தெரிந்ததே எங்கள் பேச்சை மாற்றிவிட்டது. அதுவரை ‘உன் காட்டைச் சுத்தம் பண்ணு’ என்று சொல்வது அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அப்படித் தோன்றவில்லை. அலுவலரே ஓசூருக்குப் போன் போட்டு, மிரட்டாமல், விவரமாகப் பேசினார். எங்கள் மாமனாரும் பேசினார். மறுநாள் ராத்திரி கொழுந்தன் கூப்பிட்டு, ‘அண்ணி, நீங்களே ஆள் விட்டு வெட்டிடுங்க, கூலியை நான் அனுப்பிடறேன்’ என்றார். அனுப்பவும் செய்தார்.

ஒரு வாரம். பதினோரு வீட்டுக்காரர்கள், சுமார் இருபத்தெட்டு ஏக்கர், எல்லாரும் ஒரே வாரத்தில் சுருண்ட நுனிகளை ஒடித்து, சாக்கில் போட்டுக் கட்டி, காட்டு மூலையில் குழி எடுத்து எரித்தோம். ஒரே வாரம் என்பதுதான் இதில் முக்கியம். போன மாசம் நான், இந்த மாசம் நீ என்று செய்தால் பூச்சி இங்கேயும் அங்கேயும் மாறிக்கொண்டே இருக்கும். ஒடித்ததைத் தரையில் இழுத்துக்கொண்டு போகக்கூடாது, சாக்கை அங்கேயே வைத்துப் போட வேண்டும். பாதித்த காட்டில் வேலை செய்துவிட்டு அதே சேலையோடு நல்ல காட்டுக்குள் போகக்கூடாது. ஆகவே நல்ல காட்டை முதலில் முடித்துக்கொண்டு கெட்ட காட்டுக்குக் கடைசியாகப் போனோம். எறும்புப் புற்றையும் பார்க்க வேண்டும், இனிப்புத் தண்ணிக்காக எறும்பு இந்தப் பூச்சிக்குக் காவல் நிற்கும்.

அந்தத் தையில் ஏக்கருக்கு அறுபத்தி நாலு மூட்டைதான் வந்தது. எங்கள் காட்டில் நூற்றி நாற்பதுக்குக் குறைந்து வந்ததில்லை. கிழங்கும் மெலிந்திருந்தது, மாவுச்சத்து எவ்வளவு என்று மில்லில் பாயிண்ட் வைத்துப் பார்த்தபோது அதுவும் இறங்கியிருந்தது. கிரயம் பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதானே போடுகிறார்கள், இரண்டு பக்கமும் அடி. வேரோடு பிடுங்கிய செடியைப் பார்த்து மாமனார் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் சப்பாத்திக்கள்ளி மண்டி உழவுக்கே நிலம் இல்லாமல் கிடந்ததாம், கவர்ன்மெண்ட் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டதாம், நாலைந்து வருஷத்தில் கள்ளி அழுகி உட்கார்ந்துவிட்டதாம். நான் கதை என்று நினைத்தேன். பின்னால் விசாரித்தால் உண்மைதான். 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கள்ளிப்பூச்சி, அதுவும் மாவு பூத்த மாதிரி இருக்கிற பூச்சிதான், தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளியை அழித்தது. ‘பூச்சியை வெச்சு கள்ளியை எடுத்தவங்க, பூச்சியை வெச்சு பூச்சியை எடுக்க மாட்டாங்களா?’ என்று கேட்டார் மாமனார்.

எடுத்தார்கள். இந்த மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, குச்சிக்கிழங்கையே சோறாகச் சாப்பிடுகிற நாடுகளைப் பட்டினியில் தள்ளியது. பூச்சியின் சொந்த ஊர் எது என்று தேடிக்கொண்டு போய், 1981ல் பராகுவே நாட்டில் அதன் எதிரியான ஒரு குட்டிக் குளவியைக் கண்டுபிடித்து, அதே வருஷம் நைஜீரியாவில் விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2008ல் தாய்லாந்தில் பூச்சி வந்தபோது ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து இதே குளவியை வாங்கிப்போய் விட்டார்கள். நம் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனமும் பெனினிலிருந்துதான் 2021ல் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இதைப் பற்றித்தான் அதிகம் கோபப்பட்டார்கள். குளவி இருக்கிறது என்று தெரியும், எந்த நாட்டில் இருக்கிறது என்றும் தெரியும், அப்புறம் ஏன் ஒரு வருஷத்துக்கு மேல்? நானும் அப்படித்தான் கேட்டேன். வெளிநாட்டுப் பூச்சி எதையும், நல்லதாக இருந்தாலும், மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவர முடியாது. கொண்டுவந்ததும் மூடிய ஆய்வுக்கூடத்தில் அடைத்துவைத்து வளர்த்து, கூடவே வேறு ஒட்டுண்ணி எதுவும் ஏறி வந்திருக்கிறதா, நமக்கு வேண்டிய பூச்சிகளுக்கு இதனால் கெடுதல் உண்டா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். எங்கள் மாவட்டமும் கிருஷ்ணகிரியும் பட்டுக்கூட்டை நம்பி இருக்கிற இடம். யாரோ அவசரத்தில் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து திறந்துவிட்ட ஒரு குளவி பட்டுப்புழு மேல் உட்கார்ந்திருந்தால் நாங்கள் யாரிடம் போய் அழுவது? அந்தத் தாமதத்தில் எங்களுக்கு ஒரு பயிர் போனது. ஆனாலும் அந்தச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மாவுப்பூச்சி இங்கே வந்ததே அந்த மாதிரி சோதனை எதுவும் இல்லாமல் யாரோ எதையோ கொண்டுவந்ததால்தானே.

2022ல் மறுபடியும் நட்டோம். ஆவணி மாசம் அலுவலர் எங்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மஞ்சவாடிக் கணவாய் தாண்டி, அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி வழியாக ஏத்தாப்பூர் போனார். மூடியில் தேன் தடவிய சின்ன பிளாஸ்டிக் குப்பியில் குளவி கொடுத்தார்கள். கடுகில் பாதிகூட இல்லை. வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாயந்திரம் நாலரை மணிக்குச் சுருண்ட கொழுந்துக்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டே நடந்தோம். பறந்ததா என்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, குப்பி காலியானதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் கஷ்டமான காலம். மருந்தடிக்கக் கூடாது. மருந்து பட்டால் குளவி முதலில் செத்துவிடும். போன வருஷம் எரித்த மாதிரி நுனியை ஒடித்து எரிக்கவும் கூடாது, ஏனென்றால் அந்த நுனிக்குள்தான் குளவியின் அடுத்த தலைமுறை வளர்கிறது. போன வருஷம் எது சரியோ அது இந்த வருஷம் தப்பு. இதைப் பதினோரு வீட்டுக்காரர்களுக்கும் புரியவைக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, சட்டம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு முறை ஆணை போட்டுவிட்டு வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் அதுவே கெடுதலாகிவிடும். பூச்சியின் நிலையைப் பார்த்து மாற்ற வேண்டும், மாற்றியதை வீட்டுவாசலுக்கு வந்து சொல்ல ஆள் வேண்டும்.

கோயில் மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். மூன்று மாசத்துக்குக் குச்சிக்கிழங்கில் யாரும் மருந்தடிப்பதில்லை. தாங்கவே முடியாது என்றால் முதலில் அலுவலரிடம் கேட்பது, அவர் சொன்னதை மட்டும் அடிப்பது. இதை ஒரு நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அரசு உத்தரவு இல்லை, ஆனால் எங்களுக்கு அதுதான் உத்தரவு. இருபதாம் நாள் ஒருத்தர் பொறுக்க முடியாமல் டேங்கைத் தூக்கிவிட்டார். ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவிதான் ஓடிவந்து சொன்னாள். எங்கள் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் போய்ச் சண்டை போடாமல் அவரைக் கூட்டிவந்து எங்கள் காட்டைக் காட்டினார்கள்.

காட்டுவதற்கு அப்போது ஒன்று இருந்தது. கொழுந்தைப் பிரித்தால், வெள்ளை மாவுக்கு நடுவில் அங்கங்கே பழுப்பு நிறத்தில் உப்பிப்போய் உமி மாதிரி காய்ந்த பூச்சிகள். மம்மி என்கிறார்கள். குளவி முட்டை வைத்து, உள்ளேயே புழு தின்று வளர்ந்த பூச்சி அது. சிலதில் ஊசியால் குத்திய மாதிரி வட்ட ஓட்டை, குளவி வெளியே போன வழி. அவர் ரொம்ப நேரம் கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டேங்கில் கலந்து வைத்திருந்ததைக் கொட்டக் குழி எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். பொதுவாக எல்லாருக்கும் சொல்கிறேன், குளவி விட்ட பிறகு பூச்சி எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அது சட்டென்று குறையாது, மனசு உடைந்துவிடும். மம்மி எண்ணிக்கையைப் பாருங்கள். வாரம் ஒரு நாள், அங்கங்கே இருபது கொழுந்து. மம்மி கூடிக்கொண்டே போனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம்.

கார்த்திகைக்குள் புதுக் கொழுந்து நேராக வர ஆரம்பித்தது. அந்த வருஷம் ஏக்கருக்கு நூற்றிப் பதினெட்டு மூட்டை. அடுத்த வருஷம் பழையபடி நூற்றி நாற்பதைத் தொட்டது. பூச்சி போய்விடவில்லை, இன்றைக்கும் போய்த் தேடினால் நாலு செடியில் இருக்கும். குளவியும் இருக்கிறது, இரண்டும் இருக்கட்டும்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் குச்சிதான். வெளிநாட்டிலிருந்து ஒரு குச்சி வர வேண்டுமென்றால் 2003 ஆம் வருஷத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதி, அந்த நாட்டின் நலச்சான்று எல்லாம் வேண்டும். ஆனால் பூச்சி உள்ளே வந்துவிட்ட பிறகு, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு எங்கள் லோடு வந்த வழியில் யாரும் நிறுத்தி, இது எந்தக் காட்டுக் குச்சி என்று கேட்கவில்லை. சிறகில்லாத பூச்சி, தானாக நூறு மீட்டர் போகவே காற்றை நம்பி இருக்கிற பூச்சி, எங்கள் லாரியில் ஏறி ஒரே ராத்திரியில் மாவட்டம் தாண்டியது. நினைத்தால் செய்ய முடியாததில்லை. நீலகிரியில் 1961ல் உருளைக்கிழங்கில் வேரைத் தாக்குகிற முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள், 1971லேயே அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று தடை வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, கெலமங்கலம் பக்கம் உருளை போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பா மகன் மாந்தோப்பு வைத்திருக்கிறான். கிருஷ்ணகிரி மாங்காய் பெரும்பாலும் கூழுக்குத்தான் போகிறது, ஆனாலும் 2014 மே மாசம் பழ ஈ இருக்கிறது என்று ஐரோப்பா நம் மாம்பழத்தை நிறுத்தியபோது அங்கே எல்லாரும் அதையேதான் பேசினார்கள் என்பான். 2015 தொடக்கத்தில் தடையை எடுத்தார்கள். அதற்கு நாம் கொடுத்த விலை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் பழத்தை முக்கி எடுத்து, சோதித்து, சான்று வைத்து அனுப்புவது. வாங்குகிறவன் கேட்டான், செய்தோம். நம் ஊர்க் காட்டுக்கு நாமே ஏன் கேட்கக்கூடாது? குச்சி விற்கிறவர் எந்தக் காடு, எந்த ஊர், அலுவலர் பார்த்த தேதி என்று ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும், அது இல்லாத லோடு மாவட்டத்துக்குள் இறங்கக்கூடாது. அறிவிக்கிற அதிகாரம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பூச்சி வந்த முதல் மாசத்திலேயே எடுத்துப் பயன்படுத்த வேண்டும், மில்லில் பாயிண்ட் இறங்கிய பிறகு இல்லை.

அது வரும் வரை எங்கள் ஊரில் நாங்கள் செய்வது: குச்சியை முடிந்தவரை ஊருக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறோம். ஐப்பசியிலேயே நல்ல செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுவோம், நுனி சுருளாதது, இலையில் தேமல் விழாதது மட்டும். தேமல் நோயும் குச்சியோடுதான் போகிறது, வெள்ளை ஈ அப்புறம்தான் பரப்புகிறது. வெளியே வாங்கியே ஆக வேண்டும் என்றால் காட்டில் பயிர் நிற்கும்போதே நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. வந்த குச்சியைக் காட்டுக்குள் இறக்காமல் ரோட்டோரமே இறக்கி, கட்டைப் பிரித்து, கணு கணுவாகப் பார்த்து, அலுவலர் சொன்ன மருந்துக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி அப்புறம்தான் நடுவதற்குத் துண்டு துண்டாகக் கரணை வெட்டுகிறோம். பழைய குச்சியை வரப்பில் அடுக்கி வைக்கிற பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டோம், பூச்சி அடுத்த நடவுக்குக் காத்திருக்கிற இடமே அதுதான்.

போன தையில் எங்கள் ஊர்ச் சாவடிக்கு எதிரே ஒரு மினி லாரி குச்சி ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. விலை குறைவு. எந்த ஊர் என்று கேட்டதற்கு டிரைவர் தெரியாது என்றார். ஓசூர்க் கொழுந்தன் அப்போது லீவில் வந்திருந்தார். லாரி மேல் ஏறி ஒரு கட்டை உருவி, கணுவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘அண்ணி, இதை இங்க இறக்க வேணாம்’ என்றார்.